உதை

தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்த 12 போர் (bore, குழல் அளவு) துப்பாக்கி திரும்பி வந்துவிட்டது. தொண்டி மாமா திண்ணையில் உட்கார்ந்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"காலிதான், பிடிச்சுப் பாரு மாப்ள."

பிடித்தேன். துப்பாக்கியின் பின்கட்டைக்கும் என் தோளுக்கும் நடுவே அவர் விரல் தாராளமாக நுழைந்தது.

"சுட்டா துப்பாக்கி பின்னாடி உதைக்கும். இந்த இடைவெளிதான் அடிக்கும். இறுக்கி அணைச்சா வெறும் தள்ளுதான்."

ஒரு பவுண்டு ஈயத்தில் 12 உருண்டை. அதில் ஒன்று போகிற குழல் 12 போர். 4 போர் என்றால் ஒரு உருண்டையே 113 கிராம்!

அக்கரையில், இலங்கையில் யானை வேட்டையாடிய ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கரின் 4 போர் ரைஃபிள் 21 பவுண்டு, ஒன்பதரை கிலோ. அந்தக் கனம்தான் உதையை வாங்கிக்கொள்ளும். (யானைகளை நினைத்தால் வயிறு எரிகிறது, அது வேற கதை.)

இங்கிலாந்தில் வாத்து சுட இதைவிடப் பெரியதைப் படகிலேயே பூட்டினார்கள். சுட்டால் படகே பின்னால் போகும்.

நம்ம வத்தை (மீன்பிடிப் படகு) தாங்குமா? ஓடாவி, அதாவது படகு கட்டுபவர், யாராவது இருந்தால் சொல்லுங்கள்.