சுவரில் ஒரு வட்டம்

நாளைக் காலை வீட்டைப் படம் எடுக்க வருகிறார்கள்.

காலண்டர், சாமி படங்கள், கொடியில் கிடந்த துண்டு, எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. மூலையில் நின்று எடுத்தால் கூடம் பெரிதாகத் தெரியும் என்றார் தரகர். சரி.

அப்புறம் அந்தக் கறை.

அப்பா தினமும் நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்த இடம். தலையில் வைத்த தேங்காய் எண்ணெய் சுவரில் ஊறி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம். சோப்புத் தண்ணீரில் துடைத்தேன், போகவில்லை. பெயிண்ட் அடித்தாலும் எண்ணெய் மேலே வந்துவிடுமாம், முதலில் பிரைமர் அடிக்க வேண்டுமாம்.

"விடுடா, வாங்குறவங்க அடிச்சுக்கட்டும்" என்றாள் அம்மா.

பத்திரத்தில் சதுர அடியும் நான்கு எல்லையும் எழுதுவார்கள். முப்பது வருஷம் ஒருவர் தலை சாய்த்த இடத்தை எங்கே எழுதுவது?

நாற்காலியை அங்கேயே போட்டு வைத்திருக்கிறேன்.