சாப்பாட்டு மேசைக்கு எட்டு அங்குலம் கூட்டிய கதை

வார்ஹாமர் என்பது சின்னப் படைப் பொம்மைகளை மேசை மேல் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு, ஆட்டம் ஒன்று சாதாரணமாகவே மூன்று மணித்தியாலம் போகும். அதில் கதிரையில் இருக்கிற நேரம் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் நின்றபடி குனிந்து டேப்பை நீட்டி அளப்பதும் பொம்மைகளை நகர்த்துவதும்தான். எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் தனி மேசை போட இடமில்லை. சாப்பாட்டு மேசை மேல் 6 அடிக்கு 4 அடி ப்ளைவுட் பலகை போட்டுத்தான் விளையாட்டு. பலகையோடு உயரம் 30 அங்குலம், சாப்பிட அது போதும், ஆனால் நடுவில் நிற்கும் படையைத் தொட இரண்டு அடி எட்டிக் குனிய வேண்டும், இரவில் இடுப்பு விண் விண்ணென்று வலிக்கும்.

நிமிர்ந்து நின்று கையை மடித்து, தரையிலிருந்து முழங்கை வரை அளந்தேன். 42 அங்குலம். நின்று விளையாட மேசை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே இருந்தால்தான் வசதி, அதனால் அதிலிருந்து நாலைக் கழித்தால் 38, அப்படியென்றால் எட்டு அங்குலம் கூட்ட வேண்டும். உங்கள் முழங்கையை நீங்களே அளந்து பாருங்கள், என் கணக்கு உங்களுக்குச் சரிவராது.

மேசையின் கால்களுக்கு அடியில் மாட்டி உயர்த்த, புறக்கோட்டையில் 90 மில்லிமீற்றர் பிவிசி பைப் வாங்கி வந்தேன், மேசைக் கால் உள்ளே போகவே இல்லை. இரண்டரை அங்குலச் சதுரக் கால் என்று பக்கத்தை மட்டும் அளந்திருக்கிறேன், மூலைக்கு மூலை அதுவே மூன்றரை அங்குலம் வரும்! திரும்பப் போய் 110 எடுத்தேன். 14 அங்குலத் துண்டுகள் நாலு, ஒவ்வொன்றின் அடியிலும் எட்டு அங்குல மரக்கட்டை, வெளியிலிருந்து ஸ்க்ரூ. கால் கட்டையின் மேல்தான் நிற்கும், பாரம் முழுக்க மரத்துக்கே. மேலே மிஞ்சும் ஆறு அங்குலப் பைப், கால் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். இடைவெளிக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் காலில் சுற்றினேன், மேசை ஆடுவது நின்றது. டைல் தரை என்பதால் கட்டைக்கு அடியிலும் ஒரு துண்டு ஒட்டுங்கள்.

பலகையின் அடியில் சட்டம் அடித்து மேசையோடு இறுக்குவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஓரத்தில் யாராவது கையை ஊன்றினால் பலகை கிளம்பிவிடும், மாதக்கணக்காகப் பெயின்ட் அடித்த பொம்மைகள் கீழே போகும்.

கழற்றும்போது நாலு மூலைக்கு நாலு பேர் நின்று நேராகத் தூக்க வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்தால் கால் பைப்புக்குள் இறுகிவிடும். சனிக்கிழமை ஆட்டம் ஏழரைக்கு முடிந்தது, எட்டு மணிக்கு அம்மா அதே மேசையில் புட்டும் சம்பலும் வைத்தார், பைப்புகள் கட்டிலுக்கு அடியில்.