எள்ளுக்குள் ஒரு கோடு

யூன் 21

பின்னேரம் ஐந்தே முக்கால் இருக்கும். சிவப்புக் கன்று வரவில்லை என்று குளக்கட்டில் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அப்போதுதான் கண்ணில் பட்டது. எங்கள் எள்ளுத் தறை முழுக்கக் காய் முற்றிப் பழுத்து நிற்கிறது, அதற்குள் குறுக்கே ஒரு பச்சைக் கோடு. அந்தக் கோட்டில் நிற்கும் எள்ளு மட்டும் இன்னும் பூவோடு. கீழே இறங்கித் தறைக்குள் போனால் ஒன்றும் தெரியவில்லை, அங்கொன்று இங்கொன்றாகப் பச்சை, அவ்வளவுதான். திரும்பக் கட்டில் ஏறினால் நூல் பிடித்தது போலத் தெரிகிறது. மூன்று தரம் ஏறி இறங்கினேன்.

யூன் 22

அப்பாவுக்கு இரவு நித்திரை இல்லை. வலது கை இன்றும் எழும்பவில்லை.

யூன் 24

இதே நினைப்புத்தான். சித்திரை மழையோடு விதைத்த எள்ளு, பிறகு ஒரு துளி விழவில்லை, சோழகம் மட்டும் ஊதி ஊதி நிலத்தை உலர்த்திவிட்டது. அதனால்தான் கோடு வெளியே வந்திருக்கிறது. முன்னொரு காலத்தில் யாரோ வெட்டிய கிடங்கோ வாய்க்காலோ தூர்ந்து, மேலே உழுது சமமாக்கி, கண்ணுக்கு ஒன்றுமில்லாமல் போயிருந்தாலும் அதற்குள் நிரம்பிய மண் சுற்றியுள்ள மண்ணைவிட இளக்கமாகவும் ஆழமாகவும் இருக்கும், ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். நல்ல மழை பெய்த வருடத்தில் எல்லாப் பயிருக்கும் தண்ணீர் கிடைப்பதால் வித்தியாசம் தெரியாது. காய்ச்சல் வருடத்தில், வேர் ஆழமாகப் போகிற பயிர் அந்த ஈரத்தைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் நிற்பது வாடும்போதும் பச்சையாக நிற்கும். அடியில் கிடப்பது சுவர் அத்திவாரம் என்றால் மறுவளம், அந்த இடம் முந்திக் காய்ந்து மஞ்சள் கோடாகும். அயர்லாந்தில் 2018 யூலை வரட்சியில் நியூகிரேஞ்ச் என்ற மிகப் பழைய கல்லறை மேட்டுக்குப் பக்கத்து வயலில் பெரிய வட்டம் ஒன்று இப்படித்தான் தெரிந்தது, ட்ரோன் விட்டுப் பார்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள். இங்கே காலபோக (மாரி) நெல்லில் இதைக் காணவே முடியாது, தண்ணீர் கட்டி நிற்கிற வயலில் எந்த வேருக்கும் தாகம் இல்லையே. மானாவாரி எள்ளு என்றபடியால்தான் கண்டேன்.

குரோபோர்ட் என்ற ஆங்கிலேயர், 1920களில் விமானப் படங்களை வைத்துப் பழைய வயல் எல்லைகளைத் தேடியவர், ஒரு உதாரணம் சொல்லியிருக்கிறார். விரிப்பில் படுத்திருக்கும் பூனைக்கு விரிப்பில் உள்ள கோலம் தெரியாது, நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்குத்தான் தெரியும். குளக்கட்டில் ஏறி இறங்கியபோது அதுதான் ஞாபகம் வந்தது.

ஆனால் எவ்வளவு பழையது? இரண்டாயிரம் வருடத்துக் கிடங்கும் 2008இல் டோசர் வெட்டின கிடங்கும் எள்ளுக்கு ஒன்றுதான். இந்தப் பக்கம் எத்தனை மண் அணை போட்டார்கள், எத்தனை பங்கர். எங்கள் வளவுக்குள்ளேயே மூன்று வெட்டினோம், நானும் மண் அள்ளினேன். அப்படி ஏதாவது என்றால்? இரவு முழுக்க இதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

யூன் 25

மத்தியானம் மேற்கே கறுத்தது. பெய்யக்கூடாது என்று வானத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். எங்கள் வீட்டில் யாரும் செய்யாத காரியம்.

யூன் 27

ட்ரோனுக்கு அனுமதி அது இது என்று அலைய வேண்டும், அதற்குள் எள்ளு வீட்டுக்கு வந்துவிடும். சின்னவன்தான் பட்டத்தைச் சொன்னான். எட்டுமூலை, போன தைப்பொங்கலுக்குக் கட்டினது. தண்ணீர்ப் போத்தலைப் பாதியாக வெட்டி, என் பழைய போனை வீடியோ போட்டு உள்ளே வைத்து, நூலில் நாலு பாகத்துக்குக் கீழே கட்டினோம் (பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம்). கட்டில் நின்று விட்டால் சோழகம் நேரே தறைக்கு மேலே கொண்டுபோகிறது. முதல் தரம் வேப்ப மரத்தில் விழுந்தது. இரண்டாம் தரம் ஏறி நின்றது. 1906இல் இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழைய கல்வட்டத்தை முதன்முதல் மேலிருந்து படம் எடுத்தது இராணுவ பலூனில் இருந்து. எங்களிடம் மூங்கிலும் தாளும்தான், ஆனாலும் போன் முழுசாக இறங்கி வந்தபோது சின்னவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

யூன் 28

வீடியோ முக்கால்வாசி வானமும் சுழற்சியும். அதற்குள் ஒன்பது செக்கன் நல்லது, அதை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். ஒரு கோடு இல்லை. மேற்பக்க நுனியில் இன்னொன்று மங்கலாக வந்து செங்கோணத்தில் சேர்கிறது. தண்ணீர் ஓடி உண்டான பள்ளம் இப்படித் திரும்பாது. அதோடு கிழக்கு மூலையில் ஒரு வட்டம், கடும் பச்சை. கிடங்கு வெட்டின வட்டம் என்றால் விளிம்பு மட்டும் பச்சையாக வளையம் போல இருக்கும், இது உள்ளே முழுக்கப் பச்சை. புற்றை உடைத்துப் பரவின இடம் என்றும் யோசித்தேன். இருபது பாகம் அகலத்துக்குப் புற்று வராது.

மாந்தையில் திருக்கேதீச்சரத்தைச் சுற்றி லாட வடிவத்தில் இரட்டை அகழி, இன்றைக்கும் மேலிருந்து பார்க்கத் தெரியும். அது துறைமுக நகரம். எனக்கு வேண்டியது அது இல்லை. இந்தக் காட்டோரத்தில் யாரோ ஒருவர் தன் வயலுக்கு எல்லை போட்ட இடம், அது போதும்.

மாமி படத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னா: "பிள்ளை, இதை ஒருத்தருக்கும் காட்டாதை. பழசு எண்டு தெரிஞ்சா நாளைக்குக் காணிக்குள்ள பலகை நட்டுப்போடுவாங்கள்." மறுத்து ஒரு வார்த்தை வரவில்லை. ஊர்ப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தோண்டவும் மாட்டேன். அனுமதி இல்லாமல் தோண்டுவது 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றம், அதைவிட எங்கள் மண்ணில் மண்வெட்டி போட முன் ஆயிரம் தரம் யோசிக்க வேண்டும்.

யூன் 30

அப்பாவுக்குப் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். இடது கைச் சுட்டுவிரலைக் கொண்டுவந்து அந்த வட்டத்தில் வைத்தார். "பட்டி" என்றார்.

மூன்று கிழமைக்குப் பிறகு எனக்கு விளங்கின முதல் சொல். பட்டிதான். இரவில் மாடுகளை அடைத்த இடம், வருடக்கணக்காகச் சாணமும் மூத்திரமும் ஊறின மண், அதுதான் கடும் பச்சை. நாற்பதுக்கு மேல் நின்றன. 2009 தையில் வெளிக்கிட்டபோது அப்பா படலையைத் திறந்துவிட்டு ஒவ்வொன்றாகக் கயிற்றை அறுத்தார், சிவலை எங்களுக்குப் பின்னாலேயே வந்தது, சந்தி வரைக்கும். பிறகு இதைப் பற்றி வீட்டில் கதைத்ததே இல்லை.

கோட்டைக் காட்டி, "இது ஆர் வெட்டினது அப்பா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார். இல்லை என்றா, தெரியாது என்றா, எங்கள் காலத்தில் வெட்டவில்லை என்றா?

யூலை 1

தலையை ஆட்டினார். இரண்டு தரம். இடமிருந்து வலம்.

யூலை 2

1956இல் நாடு முழுக்க எடுத்த வான்படத்தில் எங்கள் பக்கத்துத் துண்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. 1க்கு 40,000. மூன்று மீற்றர் அகலக் கோடு அதில் 0.075 மில்லிமீற்றர், பூதக்கண்ணாடி வைத்தாலும் வராது. அதோடு அப்போது இந்த இடம் முழுக்கக் காடு, அப்பா வெட்டித் துப்புரவாக்கினது பிறகுதான். அதனால் அந்தப் படம் கோட்டைப் பற்றி ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. ஆனால் வடமேற்கே காட்டுக்குள் கிடக்கிற உடைந்த குளத்தின் கட்டு மெல்லிய வளைவாகத் தெரிகிறது. கோட்டின் மேல்நுனியை அளவுகோல் வைத்து நீட்டினால் அந்தக் கட்டுக்குத்தான் போகிறது. அங்கே துருசு (தண்ணீர் திறந்துவிடும் மதகு) இருந்த இடம் எது என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் ஒன்றும் நம்பக்கூடாது.

யூலை 3

தூறல். ஐந்து நிமிடம்.

யூலை 4

சித்தப்பா அரிவாளோடு வந்துவிட்டார். இன்னும் இரண்டு நாள் விட்டால் காய் வெடித்து எள்ளு முழுக்க நிலத்துக்குப் போய்விடும், அவர் சொல்வது சரி. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஒன்றும் சொல்லாமல் நானும் அரிவாளை எடுத்தேன். காலையிலிருந்து அறுத்துக் கட்டிக் குத்தி நிறுத்திக்கொண்டு போக, பதினொரு மணிபோல சித்தப்பா நின்று, "இது பழுக்கேல்லை, இதை விடு, அடுத்த கிழமை பாப்பம்" என்றார். கோட்டைச் சொன்னார். இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டு போக அது மட்டும் தறைக்கு நடுவில் வேலி மாதிரி நிற்கிறது. இப்போது கட்டில் ஏறத் தேவையில்லை. நடந்து அளந்தேன், அகலம் நாலு அடி வைப்பு, நீளம் நூற்றி முப்பத்தேழு. நடுவில் ஒரு இடத்தில் ஆறு ஏழு அடி வைப்புக்குக் கோடு அறுந்து திரும்பத் தொடங்குகிறது. படலை விட்ட இடமா?

அந்த இடைவெளியில் நின்று பார்த்தேன். பூ இன்னும் உதிரவில்லை, கீழ்ப்பூவில் தேனீ.

யூலை 5

அப்பாவுக்குப் படம் வேண்டாம், நேரே காட்ட வேண்டும். லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் மெத்தை போட்டாயிற்று, சித்தப்பாவும் சின்னவனும் கதிரையோடு தூக்கிக் கட்டில் ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வெயில் ஏற முன், விடிய ஐந்தரைக்கு.