உருபை இழந்த ஆங்கிலம்

தண்டையார்பேட்டையில் என்னிடம் டியூஷன் வரும் பிள்ளைகள் ஆங்கிலச் சொல்வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். 'பூனையை நாய் கடித்தது', 'நாய் பூனையைக் கடித்தது', எப்படிப் போட்டாலும் தமிழில் பொருள் மாறாது. 'பூனையை' என்பதில் வரும் 'ஐ' உருபு காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் இடம் மாறினால் கடித்தது பூனையாகிவிடும்.

விதியை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்ல எனக்கு மனசு வராது. வரலாற்றையும் சொல்கிறேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்திலும் வேற்றுமை விகுதிகள் இருந்தன. சொற்களை ஓரளவு மாற்றிப் போடலாம். சொல்லின் கடைசி அசை அழுத்தமில்லாமல் ஒலித்ததால் விகுதிகள் மெல்லத் தேய்ந்தன. வட ஐரோப்பாவிலிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளோடு கலந்து பேசியதும் ஒரு காரணம் என்பார்கள். அப்புறம், யார் யாரைச் செய்தார் என்று காட்டும் அந்த விகுதிகளின் வேலையைச் சொல்லின் இடமே ஏற்றுக்கொண்டது. 'ஹி' (அவன்), 'ஹிம்' (அவனை) என்று சொல் மாறுவதெல்லாம் அந்தக் கால மிச்சம்தான்.

இது பாடநூலில் அவசியம் வர வேண்டும். இந்தப் பக்கம் டியூஷன் எடுப்பவர்கள் இதைச் சொல்லிப் பாருங்களேன்.