சூரியன் எங்கே போச்சு, தம்பி?

கொடைக்கானலில் விடிகாலை நாலரை மணிக்குத் தெருவில் நடந்தால் முதலில் குரைப்பது நாய். அடுத்து இருட்டுக்குள்ளிருந்து 'புஸ்'ஸென்று மூச்சுவிடுவது காட்டுமாடு. நாய்கள் என்னோடு பழகிவிட்டன. காட்டுமாட்டோடு பழகினேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, அது வேலியோரம் மேய்ந்து முடித்து நகரும்வரை நிற்க வேண்டியதுதான். தோளில் ட்ரைபாடும் முதுகில் பையுமாக நான் அப்படி நின்ற நேரத்துக்கெல்லாம் கூலி வாங்கியிருந்தால் இந்நேரம் ஒரு நல்ல லென்ஸ் வாங்கியிருப்பேன்.

காட்டேஜ், ஹோம்ஸ்டே, கெஸ்ட் ஹவுஸ் படம் எடுப்பதுதான் என் தொழில். அதற்கு முன்பு வத்தலக்குண்டில் கல்யாணங்களுக்குக் கேமரா தூக்கிக்கொண்டிருந்தேன். 2018-இல் குறிஞ்சி பூத்தபோது பூவைப் படம் பிடிக்க மேலே வந்தவன், தங்கிய காட்டேஜின் ஓனர் "அப்படியே நம்ம ரூமையும் நாலு படம் எடுத்துக் குடுங்க தம்பி, வாடகையில கழிச்சுக்கலாம்" என்றதில் இந்த வேலைக்குள் விழுந்தேன். குறிஞ்சி இனி 2030-இல்தான் பூக்கும். அதுவரை சூரியனை நம்பித்தான் பிழைப்பு.

ஏனென்றால் எல்லா ஓனருக்கும் வேண்டியது ஒன்றுதான்: சன்ரைஸ். மேற்குப் பார்த்த வீட்டுக்காரர்கூடக் கேட்பார். "பாத்ரூம் ஜன்னலைத் திறந்தா கொஞ்சம் தெரியும் சார்" என்று ஒருவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். கொஞ்சம் தெரியத்தான் செய்தது.

இந்த வேலையில் உண்மையான படம் சூரியன் வருவதற்கு முன்பே முடிந்துவிடும் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. உதயத்துக்கு இருபது நிமிடம் முன்னால் வானம் கருநீலத்திலிருந்து வெளுக்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் வீட்டு விளக்குகளின் வெளிச்சமும் வானத்தின் வெளிச்சமும் ஏறத்தாழ சமமாகும். வெளியே நீலம், ஜன்னலுக்குள் மஞ்சள். பத்து நிமிடம் போனால் வானம் ஜெயித்துவிடும். விளக்கு எரிவதே தெரியாது. ஆகவே ஐந்தரைக்கெல்லாம் ஓனர் எழுந்து வீடு முழுக்க விளக்குப் போட வேண்டும். ஒருமுறை ஒருவர் ஆர்வக்கோளாறில் கெஸ்ட் தூங்கிக்கொண்டிருந்த ரூமுக்கும் சேர்த்து மெயினைப் போட்டுவிட்டார். அன்று அந்த ஜன்னலில் மஞ்சள் வெளிச்சத்தோடு ஒரு கோபமான ஆளும் விழுந்தார்.

அதன்பிறகு வருவது 'கோல்டன் அவர்' என்று வீடியோக்களில் சொல்கிற பொன் வெயில். குளிர் நாடுகளில் அது நிஜமாகவே ஒரு மணி நேரம், அதற்கு மேலும்கூட நிற்கும். நாம் இருப்பதோ 10 டிகிரி அட்சரேகையை ஒட்டி. இங்கே சூரியன் சரிவில் ஊர்ந்து வருவதில்லை, ஏணியில் ஏறுகிற மாதிரி விறுவிறுவென்று மேலே போய்விடும். அரை மணிக்கும் குறைவாகத்தான் அந்த நிறம் கிடைக்கும். அதற்குள் வீட்டின் முகப்பு, வராந்தா, ஜன்னல் வழியே பள்ளத்தாக்கு, ஆவி பறக்கும் காப்பி டம்ளர் எல்லாம் முடிய வேண்டும். டம்ளரில் ஆவி பறக்க வேண்டுமென்றால் காப்பி கொதிக்கக் கொதிக்க வர வேண்டும். அதை எடுத்து வருகிற கேர்டேக்கர் பையன் வழியில் நின்று சூரியனைப் பார்க்கக் கூடாது. பாவம், அவனும் மனிதன்தானே.

தொழில் கற்றுத்தந்த இன்னொன்று, எந்த வரிசையில் எடுப்பது என்பது. டிசம்பர், ஜனவரியில் ஏரியை ஒட்டிய புல்வெளியில் உறைபனி படிகிற காலங்களில் ஒரு மணி நேரம் வெளியே நின்ற கேமராவை அப்படியே கணப்பு எரிகிற அறைக்குள் கொண்டுபோனால், லென்ஸ் முழுக்க வியர்த்துப்போகும். துடைத்தால் மறுபடி வியர்க்கும். முதல் வருஷம் நான் கொடுத்த படங்களில் பாதி ஏதோ கனவுக்காட்சி மாதிரி மங்கலாக இருந்ததற்குக் காரணம் கலை அல்ல, இதுதான். இப்போது உள்ளே போகும் முன்பே கேமராவைக் காற்றுப் புகாத பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிடுகிறேன். வியர்ப்பது பை வியர்த்துக்கொள்ளட்டும். பேட்டரிகள் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் இருக்கும். குளிரில் அவை மனிதர்களைவிடச் சீக்கிரம் சோர்ந்துபோகும்.

பொய்யைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகப் பார்க்கும்; 16 மில்லிமீட்டர் லென்ஸை அறையின் மூலையில் வைத்துச் சொடுக்கினால் பத்துக்குப் பத்து ரூம் கல்யாண மண்டபமாகிவிடும். கட்டிலில் கபடி ஆடலாம். ஓனருக்கு ரொம்பப் பிடிக்கும். வந்து கதவைத் திறக்கிற கெஸ்ட்டுக்குத்தான் மூச்சு முட்டும். நான் 24-க்குக் கீழே போவதில்லை என்று வைத்திருக்கிறேன். அதேபோல, நாளைக்கு அங்கே இருக்காததை மட்டும் படத்திலிருந்து எடுப்பேன்: கொடியில் காயும் துண்டு, வாளி, யாரோ விட்டுப்போன செருப்பு. நாளைக்கும் இருக்கப்போவதை நீக்க மாட்டேன். கருப்புத் தண்ணீர்த் தொட்டி, கரண்டு வயர், பக்கத்து மனையில் பாதி எழும்பி நிற்கும் மூன்று மாடி. இதனால் கைவிட்டுப்போன ஆர்டர்கள் உண்டு. "அந்தத் தம்பி ரொம்ப நியாயம் பேசுவாப்ல" என்று என் முதுகுக்குப் பின்னால் பேச்சும் உண்டு.

இவ்வளவு நியாயம் பேசுகிறவன்தான் ஒரு பெரிய பொய்யைச் சொன்னேன். சொல்கிறேன் என்று தெரியாமலே சொன்னேன்.

பண்ணைக்காடு போகிற வழியில், காப்பித் தோட்டத்தை ஒட்டி ஒரு வீடு. ரிட்டயர்டு டீச்சர் ஒருவருடையது. பிள்ளைகள் வெளியூரில் இருப்பதால் இரண்டு அறைகளை ஹோம்ஸ்டேயாக விட்டிருந்தார். நான் போனது பொங்கல் கழிந்த நாலாம் நாள். இந்த மலைக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டித் தீர்க்கும். தை பிறந்தால் வானம் துடைத்துவைத்த மாதிரி இருக்கும், எங்கள் ஆட்கள் எல்லோரும் படம் எடுக்கிற காலம் அது. குளிர்ந்த கனமான காற்று இரவில் கீழே இறங்கித் தங்கிவிட, சமவெளியின் மேல் மேகம் பாய் விரித்த மாதிரி கிடக்கும். நாம் அதற்கு மேலே நிற்போம்.

அன்று எல்லாம் கூடிவந்தது. கட்டிலில் படுத்தபடி பார்த்தால் ஜன்னல், ஜன்னலில் இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு இடைவெளி, இடைவெளியில் மேகக் கடல், அதன் விளிம்பில் சூரியன், வரைந்துவைத்த மாதிரி. டீச்சர் என் தோளுக்குப் பின்னால் நின்று கேமராத் திரையைப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் இந்த வீட்ல இருந்துட்டு நான் இதைப் பார்க்கலையே, எந்நேரமும் அடுப்படியிலயே கெடந்துட்டேன்" என்றார். அந்தப் படம்தான் புக்கிங் ஆப்பில் முதல் படமாகப் போனது. ரூம் நிரம்ப ஆரம்பித்தது.

மே மாதம் நடுவில் போன் வந்தது. குரலில் கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தம்பி, சூரியன் எங்க போச்சு?"

சென்னையிலிருந்து ஒரு குடும்பம், ஆறு வயசுப் பெண் குழந்தையோடு வந்திருக்கிறார்கள். காலையில் கட்டிலில் படுத்தபடியே சூரியனைப் பார்க்கலாம் என்று படத்தைக் காட்டித்தான் குழந்தையைக் கூட்டிவந்திருக்கிறார்கள். ஐந்தரைக்கே எழுந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். வானம் தெளிவு. மலைகள் இருந்தன, இடைவெளி இருந்தது, வெளிச்சமும் வந்துவிட்டது. சூரியன் மட்டும் வரவில்லை. இரண்டு நாளும் வரவில்லை. ஊருக்குப் போய் ஒற்றை நட்சத்திரம் போட்டு, "படத்தில் இருக்கிற சூரியன் இந்த வீட்டில் இல்லை" என்று எழுதிவிட்டார்கள்.

அடுத்த நாள் விடிகாலை பைக்கில் போனேன். வராந்தாவில் நானும் டீச்சரும் நின்றோம். ஆறேகால் ஆனது, ஆறரை ஆனது. ஜன்னலுக்கு நேரே இருந்த இடைவெளியில் ஒன்றுமில்லை. இடது பக்கம், மேட்டின் மேல் வரிசையாக நின்ற சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் வானம் சிவந்துகொண்டிருந்தது. ஏழு மணி சுமாருக்கு மர உச்சியைத் தாண்டி வந்து அது அடுப்படிச் சுவரில் அடித்தது. கட்டில் இருந்த அறைக்கு முகத்தைக்கூடக் காட்டவில்லை.

கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. தையில் சூரியன் நின்ற இடத்திலிருந்து அன்று எழுந்த இடம்வரை அளந்தேன். நாலு முஷ்டி. கொடைக்கானலில் டிசம்பர் கடைசியில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கிறது. ஜூன் கடைசியில் அதே அளவு வடக்கே. மார்ச்சிலும் செப்டம்பரிலும் மட்டும்தான் அது கிழக்கில் உதிக்கிறது. 'கிழக்கே உதிக்கும் சூரியன்' என்று நாம் சொல்வது வருஷத்தில் இரண்டு நாளைக்குத்தான் சரி.

முஷ்டியை மடக்கி நின்ற என்னைப் பார்த்து டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். "உத்தராயணம், தட்சிணாயனம்னு எத்தனை செட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருப்பேன். என் வீட்டு வாசல்ல நின்னு ஒருநா பார்க்கலை பாரு." கொஞ்சம் நேரம் கழித்து, "நூறு வருஷத்துக்கு மேல சூரியனையே படம் புடிக்கிற ஆபீஸ் இதே மலையிலதான் இருக்கு. நீயாச்சும் அங்க ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்" என்றார். 1899-இல் வந்த சூரிய ஆராய்ச்சி நிலையத்தைச் சொன்னார். ஜான் எவர்ஷெட் என்ற வானியலாளர் 1909-இல், சூரியனின் மேல் கருப்பாகத் தெரியும் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தது அங்கேதான். சூரியனின் மேல் வாயு எந்தப் பக்கம் நகர்கிறது என்றே பார்த்துச் சொன்ன ஊரில், சூரியன் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்காமல் நான் பில் போட்டிருந்தேன்.

யோசிக்க யோசிக்க இது ஒரு வீட்டுக் கதையாக மட்டும் தெரியவில்லை. வானம் தெளிவாக இருக்கும் தை, மாசியில் நாங்கள் எல்லோரும் படம் எடுக்கிறோம். பள்ளிக்கூடம் லீவு விட்டு சீசன் கூட்டம் வருவது சித்திரை, வைகாசியில். ஆக, இந்த மலையின் சன்ரைஸ் படங்கள் பலவற்றில், சீசனுக்கு வருகிறவர்கள் பார்க்க முடியாத இடத்தில்தான் சூரியன் இருக்கும். கடல் பார்த்த வீட்டில் இது பெரிய விஷயமில்லை, அங்கே எங்கே எழுந்தாலும் தெரியும். மலையில் ஒரு மேடு போதும், நாலு மரம் போதும்.

நான் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், டீச்சர் வாங்கவில்லை. "வைகாசிக்கு ஒரு படம் எடு" என்றார். வீட்டைச் சுற்றி வந்து பார்த்தோம். வைகாசி வெயில் முதலில் விழும் இடம் அடுப்படிக்குப் பின்னால் இருந்த துவைக்கிற கல். கொய்யா மரத்தடியில் சோப்பு வழுக்கும் கல். அங்கே இரண்டு பிரம்பு நாற்காலி போட்டு, டம்ளரில் வரக்காப்பி வைத்து எடுத்தேன். அழகான படம் என்று சொல்ல மாட்டேன். கீழே 'மே மாதம், காலை 7 மணி' என்று போட்டோம். ஜன்னல் படத்துக்குக் கீழே 'ஜனவரி' என்று போட்டோம். சீசனுக்கு வருகிறவர்கள் இப்போது துவைக்கிற கல்லில் உட்கார்ந்துதான் சூரியன் பார்க்கிறார்கள். ஒரு பாட்டி அதன் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாராம், நாற்காலி வேண்டாமென்று.

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் திசைகாட்டியை எடுக்கிறேன். எந்த மாதம் எந்த ஜன்னலில் விழும், எந்த மேடு எவ்வளவு நேரம் மறைக்கும் என்று நோட்டில் எழுதி, ஓனரிடம் ஒரு தாள் கொடுக்கிறேன். சில பேர் அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, ஜனவரி படத்தை மாதம் போடாமல் ஏற்றிக்கொள்கிறார்கள். பனி மூடிய காலை ஒன்றையும் எடுத்து எல்லோருக்கும் சேர்த்தே கொடுக்கிறேன். வெள்ளை வெள்ளையாக, முற்றத்து ரோஜாச் செடிக்கு அந்தப் பக்கம் எதுவுமே தெரியாத படம். அதை ஏற்றிய ஓனர்கள் இதுவரை இரண்டு பேர். இரண்டு பேருமே அது நன்றாகப் போகிறது என்கிறார்கள். கேரளாவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற இளசுகளுக்குச் சூரியனைவிடப் பனிதான் வேண்டுமாம். இதையும் நான் முன்னாலேயே யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

போன கார்த்திகையில் டீச்சர் வீட்டுக்குப் போனேன். மழை விட்ட ஒரு காலை. வராந்தாத் தரையில் இரண்டு பாதம் வரைந்திருந்தது, நிற்க வேண்டிய இடமாம். அங்கே நின்று பார்த்தால் கைப்பிடிச் சுவரின் மேல் வெள்ளைப் பெயிண்டில் சின்னச் சின்னக் கோடுகள். ஒவ்வொன்றின் கீழும் மாதப் பெயர், கரும்பலகையில் எழுதிப் பழகிய அதே உருண்டைக் கையெழுத்தில். வலது கோடியில் மார்கழி, அங்கிருந்து தை, மாசி, பங்குனி என்று இடதுபக்கம் நடந்து, சில்வர் ஓக் மரங்களுக்கு நேரே ஆனி. சில கோடுகளின் கீழ் இரண்டு மாதப் பெயர். போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று.

எண்ணிப் பார்த்தேன். ஆடி இல்லை.

"மூணு வருஷமா நிக்கிறேன், ஆடிக் காத்துல பனி விலகவே மாட்டேங்குது" என்றார் டீச்சர்.

"அது வைகாசிக் கோட்டு மேலதான டீச்சர் விழும்? பக்கத்துலயே எழுதிடலாமே" என்றேன்.

"எங்க விழும்னு எனக்குத் தெரியாதா? பார்க்காம எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ பொங்குகிற சத்தம் கேட்டு உள்ளே ஓடினார்.