மன்னார்குடியிலிருந்து ஒரு பனிவண்டிக்கு வயரிங்

டிசம்பர் 17, மார்கழி 2

கடை ஷட்டரைத் தூக்கும்போதே வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. அக்கா மகன் அனுப்பியது. கனடாவில் ஒண்டாரியோவின் வடக்கே டிம்மின்ஸ் என்ற ஊரில் இருக்கிறான், தங்கச் சுரங்க ஊர். இங்கே காலை எட்டரை என்றால் அங்கே முதல் நாள் இரவு பத்து.

வீடியோவில் ஒரு கொட்டகை, அதற்குள் ஒரு வண்டி. நம் ஊரில் சேற்று வயலில் இறங்கும் பெல்ட் அறுப்பு மெஷினைச் சுருக்கி, முன்னால் இரண்டு சறுக்குப் பலகை வைத்த மாதிரி. ஸ்னோமொபைல். அங்கே ஸ்லெட் என்றுதான் சொல்கிறார்களாம். செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறான். டூ ஸ்ட்ரோக் என்ஜின், மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர் மாதிரி கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிறான்.

“மாமா, சூடாகுற ஜாக்கெட், கிளவுஸ், ஹெல்மெட் கண்ணாடி மூணும் இதுல மாட்டணும். போனுக்கும் சார்ஜ் வேணும். வண்டியில பேட்டரியே இல்ல. எப்படி?”

எனக்கு 26 வருட ஆட்டோ எலக்ட்ரிக்கல் அனுபவம். சூடாகிற சட்டைக்கு வயரிங் கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை. பாமணி ஆற்றங்கரையில் இன்று விடிகாலை 21 டிகிரி. அதற்கே டீக்கடையில் எல்லோரும் மப்ளர். அங்கே மைனஸ் 28.

டிசம்பர் 18

யோசித்தால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல் மொபெட்டை இருட்டில் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஹெட்லைட் பளிச்சென்று எரியும், விட்டால் மங்கும். காந்தம் பதித்த சக்கரம் சுற்றுகிறது, உள்ளே காயிலில் கரண்ட் பிறக்கிறது, அது நேராகப் பல்புக்குப் போகிறது. இடையில் பேட்டரி கிடையாது. இவன் வண்டியும் அதே ஜாதி. சைஸ்தான் பெரிது.

காயிலில் வருவது ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடுகிற கரண்ட். பல்புக்கும், கைப்பிடியைச் சூடாக்கும் ஹீட்டருக்கும் ஏசியோ, ஒரே திசையில் ஓடுகிற டிசியோ ஒன்றுதான். அவை வெறும் ரெசிஸ்டன்ஸ். போன் சார்ஜருக்கு அப்படியில்லை. போன வாரம் ஹெட்லைட் வயரிலிருந்தே ஒரு சார்ஜருக்குக் கரண்ட் எடுத்திருக்கிறான். ஒரு நிமிடத்தில் புகை. இதை எனக்குச் சொல்லவே ஒரு நாள் ஆகியிருக்கிறது அவனுக்கு.

ஸ்பீக்கரில் நான் “அங்க வர்றது ஏசி, அதான் பிரச்சினை” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அக்கா காபியோடு வந்தாள். “அந்தக் குளிர்ல ஏசி எதுக்குடா போடுறான்?” என்று ஒரே சத்தம். புரியவைக்கப் பத்து நிமிடம் ஆனது. புரிந்ததா என்பது வேறு விஷயம்.

டிசம்பர் 20

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்கு. இந்த வேலையில் வயரைத் தொடுவதற்கு முன் பென்சிலைத் தொட வேண்டும்.

அவன் வண்டியின் புத்தகத்தில் காயில் 220 வாட் என்று இருக்கிறது. அது என்ஜின் நன்றாகச் சுற்றும்போது கிடைப்பது. செலவு: ஹெட்லைட் 60, பின் விளக்கு 8, இரண்டு கைப்பிடி ஹீட்டரும் சேர்ந்து 40, த்ராட்டிலை அழுத்தும் கட்டைவிரலுக்கென்று தனியாக ஒரு குட்டி ஹீட்டர் 8. ஆக 116. மிச்சம் 104.

அவன் வாங்கியிருக்கும் ஜாக்கெட் 77 வாட், கிளவுஸ் ஜோடி 27. கூட்டினால் அதே 104! ஆண்டவன் அளந்து வைத்த மாதிரி. ஆனால் ஹெல்மெட் கண்ணாடிக்கு இன்னும் 15, போனுக்கு 10. அப்புறம், காயிலைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்தால் அது காந்தச் சக்கரத்துக்குள் கிடந்து வெந்துபோகும். முக்கால் பங்குக்கு மேல் எடுக்காதே என்றேன், அதாவது 165.

காரில் இருக்கிற ஆல்டர்னேட்டர் வேறு. லோடு கூடினால் அதன் ஃபீல்டு காயிலுக்குக் கரண்ட் கூடும், அதுவும் கூடுதலாகக் கொடுக்கும். இங்கே இருப்பது நிரந்தரக் காந்தம். அதன் பலத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. நடுத்தரக் குடும்பத்துச் சம்பளம் மாதிரி. எதையாவது வெட்டித்தான் இன்னொன்றை வாங்க முடியும்.

“கிளவுஸே சூடாகுதுன்னா கைப்பிடி எதுக்குடா?” என்று கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், “ஆமால்ல.” கட்டைவிரல் ஹீட்டரும் வேண்டாம், ஆக 48 மிச்சம். ஹெட்லைட்டை எல்இடி ஆக்கினால் இன்னொரு 35. கணக்கு 162-இல் நின்றது.

டிசம்பர் 22

ரெகுலேட்டர் ரெக்டிஃபையர், நாம் சொல்கிற ஆர்ஆர் யூனிட், ஒன்றை வாங்கச் சொன்னேன். கூடவே சீல் செய்த 9 ஆம்பியர்-அவர் பேட்டரி. காயிலின் இரண்டு மஞ்சள் வயரையும் யூனிட்டில் கொடு, வெளியே டிசி வரும், வேலை முடிந்தது என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 24

சொன்னது தப்பு. நேற்று ராத்திரி படுத்த பிறகுதான் உறுத்தியது.

இன்று மத்தியானம் கடையில் கிடந்த பழைய மொபெட் ஒன்றில் சோதித்துப் பார்த்தேன். ஆர்ஆர் யூனிட்டை மாட்டிக் கிக்கரை உதைத்து ஓடவிட்டால், டெஸ்ட் பல்ப் சோம்பலாக எரிகிறது. இரண்டு நிமிடத்தில் வார்னிஷ் வாசனை. காயில் பிளேட்டைக் கழற்றினேன். லைட்டிங் காயிலின் ஒரு முனை, மிளகு அளவு ஈயப் பொட்டில், இரும்பு உடம்போடு பற்றவைக்கப்பட்டிருந்தது. ஒரு முனை ஏற்கெனவே பாடியில் எர்த். நாலு டயோடு யூனிட்டின் மைனஸும் பாடியில். ஆக ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் கரண்ட் ஒரு டயோடு வழியாகத் தன் வாலைத் தானே கடித்துக்கொண்டிருக்கிறது.

ஈயத்தை உருக்கி அந்த முனையைப் பிரித்து, ஸ்லீவ் போட்டுத் தனி வயராக வெளியே கொண்டுவந்தேன். பல்ப் திகுதிகுவென்று எரிந்தது.

உடனே போன். அங்கே ராத்திரி இரண்டு மணி என்பது அவன் குரலைக் கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. நல்லவேளை, பார்சல் இன்னும் வரவில்லையாம். மீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒரு முனையைப் பாடியிலும் இன்னொன்றை ஒவ்வொரு மஞ்சள் வயரிலும் வைத்துப் பார் என்றேன். ஏதாவது ஓம்ஸ் காட்டினால் எர்த் ஆகியிருக்கிறது. இரண்டுமே காட்டாவிட்டால் யோகம், கழற்ற வேண்டாம். எர்த் ஆகியிருந்தால் சக்கரத்தைப் புல்லர் போட்டுத்தான் எடுக்க வேண்டும், சுத்தியல் வைத்தால் காந்தம் விட்டுப்போகும். பிரித்த பிறகு பழைய ஏசி ரெகுலேட்டருக்கு வேலை இல்லை, அதை எடுத்துவிட்டு ஹெட்லைட் உட்பட எல்லாவற்றையும் டிசி பக்கம் மாற்ற வேண்டும்.

எழுதி அனுப்பச் சொன்னான். அனுப்பினேன்.

டிசம்பர் 27

எர்த் ஆகித்தான் இருந்ததாம். பிரித்துவிட்டான்.

இன்று வயர் சண்டை. கடையில் கிடைத்தது என்று அரை ஸ்கொயர் எம்எம் வயர் வைத்திருக்கிறான். ஜாக்கெட்டும் கிளவுஸும் எட்டு ஆம்பியருக்குப் பக்கம் இழுக்கும். போக 2 மீட்டர், வர 2 மீட்டர் என்றால் அந்த வயரிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் போய்விடும். ஒரு வோல்ட் தானே என்கிறான். சூடு வோல்ட்டின் வர்க்கத்தில் போகிறது, மாப்ளே. 13.5-க்குப் பதில் 12.4 கிடைத்தால் ஜாக்கெட்டின் சூட்டில் ஆறில் ஒரு பங்கு காலி. அதில் பாதி உன் முதுகுக்குப் போகாமல் வயரைச் சூடாக்கும். 1.5 ஸ்கொயர் வாங்கு. பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ்.

அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் உண்டு. சாதாரண பிவிசி வயர் அந்தக் குளிரில் குச்சி மாதிரி விறைத்து, மடித்தால் தோல் வெடிக்குமாம். சிலிகான் உறை போட்ட வயர்தான் அங்கே நிற்கும். ஜாக்கெட் பிளக், லேப்டாப் சார்ஜர் முனை மாதிரி உருண்டையானது, இழுத்தால் கழன்றுவிடும். திருகி இறுக்குகிற மாதிரி இருந்தால் நல்லது என்று நான் சொல்லப்போனேன், அவன் சிரித்தான். மறந்து வண்டியிலிருந்து இறங்கினால் ஜாக்கெட்டோடு சேர்த்து ஆளையும் பிடித்து இழுக்குமே! சரிதான். ஹெல்மெட் கண்ணாடிக்கு இன்னும் வேடிக்கை: பழைய டிவிடி பிளேயரின் ஆடியோ பின் இருக்குமே, அதேதான்.

ஜனவரி 2

மீட்டர் போட்டோக்கள் வந்தன. ஓடும்போது எல்லாம் ஆனில் 14.1 வோல்ட். திருப்தி. ஆனால் ஐடிலில் 11.7, அதாவது பேட்டரியிலிருந்து போகிறது. ஸ்கூட்டி மாதிரி இதிலும் பெல்ட் வேரியேட்டர். 3,500-ஐத் தாண்டினால்தான் வண்டி நகரும். நின்று பேசிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் நஷ்டக் கணக்கு.

நின்றால் ஜாக்கெட் சுவிட்சை அணை என்று கண்டிப்பாகச் சொன்னேன். முழு சார்ஜில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி மைனஸ் 50-இலும் உறையாது. இறங்கிப்போனது மைனஸ் 7, 8-லேயே கட்டியாகி வெடித்துவிடும். இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், இந்த ஊரில் ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை.

அக்காவுக்கு ஒரே கவலை. “நடுக்காட்டுல வண்டி நின்னா சட்டை சூடாகுமா?” ஆகாது. அவள் கேட்டதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி. ஜாக்கெட் சூடாகவே ஆகாது என்று நினைத்து உள்ளே கம்பளி போட்டுக்கொண்டு போ என்று அவனிடம் சொன்னேன். அவன் ஒரு கதை சொன்னான். கியூபெக்கில் ஜோசப் அர்மான் பாம்பார்டியே என்ற மெக்கானிக், 1934 குளிர்காலத்தில் பாதையெல்லாம் பனி மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் இரண்டு வயது மகனைப் பறிகொடுத்தவர். பனியில் ஓடும் வண்டியை விடாமல் செய்துகொண்டிருந்தவர், 1959-இல் ஸ்கி-டூ என்ற சின்ன வண்டியைக் கொண்டுவந்தார். அக்கா எதுவும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். இதை அவள் காதுபட ஏன் சொன்னான் என்று எனக்குக் கோபம்.

ஜனவரி 9

எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், “மாமா, லைட் தெரியல.”

முன்னால் போகும் வண்டி கிளப்புகிற பனித்தூள் ஹெட்லைட் கண்ணாடியில் அப்பிக்கொள்கிறது. பழைய ஹாலஜன் பல்பின் சூட்டில் அது உருகி வழிந்துவிடும். எல்இடியின் சூடு பின்பக்கமாகப் போகிறது, முன் கண்ணாடி ஜில்லென்று இருக்கிறது. பனி அப்படியே ஒட்டுகிறது. நான் வீண் என்று கழித்த 35 வாட் அங்கே ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இது எந்தக் காலண்டர் தாளிலும் வராது.

மறுபடி பென்சில். ஹாலஜன் திரும்ப வந்தால் 197. ஜாக்கெட்டுக்கு விட்டுவிட்டுக் கரண்ட் கொடுக்கும் கன்ட்ரோலர் உண்டு. பாதியில் வைத்தால் சராசரி 38, 39 வாட்தான் இழுக்கும். கம்பளிக்கு மேல் அதுவே போதும் என்கிறான். 158. சரி, நிற்கட்டும்.

ஜனவரி 13, போகி

அவன் அனுப்பிய போட்டோ: உறைந்த ஏரி மேல் வண்டி, மைனஸ் 31, ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி இல்லை. அக்கா பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “காதுக்கு ஒண்ணும் போடலையே” என்றாள். ஹெல்மெட் போட்டிருக்கிறான் அக்கா என்றேன். அவளுக்கு அது கணக்கில்லை. நாளை பொங்கலுக்குப் பிறகு ஒரு மங்கி கேப் பார்சல் போகப்போகிறது.

ஜனவரி 20, தை 7

சம்பா அறுவடை தொடங்கிவிட்டது. ராத்திரி ஓட்டத்துக்கு நாலு எல்இடி லைட் வேண்டும் என்று ஒரு பெல்ட் வண்டி டிரைவர் வந்தார். மாட்டிக்கொண்டே, இதில் பனி இறங்கினால் கண்ணாடி மறைக்குமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“துண்டால தொடச்சுக்குவோம்ணே.”