திரும்பிப் போவதற்கான அத்தாட்சி

“நான் திரும்பி வரமாட்டேன்னு அவங்களுக்குச் சந்தேகமாம் பாப்பா.”

போனில் அப்பா இதைச் சொன்னபோது குரலில் கோபமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த கடிதத்தைத் தவறுதலாகப் பிரித்துவிட்டவர் போலக் கொஞ்சம் கூச்சம்தான் இருந்தது. சப் போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவர். அரசாங்கத் தாள் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அவருக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையோடு, மேலே இருந்த எண் முதல் கீழே இருந்த கையெழுத்து வரை எனக்கு முழுவதையும் படித்துக் காட்டினார்.

ஜெர்மனியில் இருக்கிற என்னைப் பார்க்க வர அப்பாவும் அம்மாவும் கேட்டது ஷெங்கன் விசா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது. அதன் மறுப்புத் தாளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எல்லா நாடுகளுக்கும் ஒரே படிவம்தான். காரணங்களை முன்கூட்டியே வரிசையாக அச்சடித்து வைத்திருப்பார்கள். போலி ஆவணம், போதாத பணம், இல்லாத காப்பீடு, பொது ஒழுங்குக்கு ஆபத்து என்று பட்டியல் நீளும். நமக்கு எது பொருந்துகிறதோ அதன் பக்கத்துக் கட்டத்தில் ஒரு குறி. அவ்வளவுதான். அப்பா அம்மா இருவருக்கும் குறி விழுந்திருந்தது, விசா முடிவதற்குள் வெளியேறும் எண்ணம் விண்ணப்பதாரருக்கு இருக்கிறதா என்பதில் நியாயமான ஐயம் இருக்கிறது என்ற வரியில்.

நான் முதலில் சிரித்துவிட்டேன். அப்பாவைத் தெரிந்த யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

கல்யாணமாகி நான் சென்னையில் இருந்த காலத்தில் அவர் எங்கள் வீட்டில் சேர்ந்தாற்போல் இரண்டு ராத்திரி தங்கியதில்லை. மன்னை எக்ஸ்பிரஸில் விடியற்காலை வந்து இறங்குவார். கையில் ஒரு பை புழுங்கலரிசி, ஒரு சீப்பு வாழைப்பழம், அம்மா கொடுத்தனுப்பிய வடகம். என் மாமனாருக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முன்பே படித்துவிட்ட பேப்பரை மறுபடி படிப்பார். ராத்திரி அதே ரயிலில் திரும்புகால். “இருந்துட்டு நாளைக்குப் போலாமே சம்பந்தி” என்று மாமியார் சொன்னால், “மாடு கன்னு கெடக்குங்க” என்பார். மாட்டை விற்றுப் பல வருடம் ஆகியிருந்தது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்களே, மருந்தை அவர் டாக்டர் சொன்ன கணக்குக்குச் சாப்பிடுவார். விருந்தில்தான் அந்த மூன்று நாளையும் அதிகம் என்று நினைப்பவர். இவர் ஸ்டுட்கார்ட்டில் மகள் வீட்டிலேயே டேரா போட்டுவிடுவார் என்று ஒரு அலுவலகம் உட்கார்ந்து யோசித்திருக்கிறது!

யோசித்ததைக் குறை சொல்லவும் முடியாது என்று வேலை பார்க்கிற இடத்தில் ஒரு நண்பர் சொன்னார். அவர்கள் பார்ப்பது தாளை. வேலையில் இருப்பவரிடம் விடுப்புக் கடிதம் இருக்கும், இந்தத் தேதிக்குள் திரும்பி வந்து சேர வேண்டும் என்று முதலாளி எழுதித் தருவார். ஓய்வு பெற்றவருக்கு யார் எழுதித் தருவது? அதோடு ஒரே மகள் இங்கே, ஒரே பேத்தி இங்கே. கணக்குப் போடுகிறவருக்கு அந்த இரண்டு வரியே போதும். நண்பர் சொன்னது நியாயம்தான். இருந்தாலும் எனக்கு அன்றைக்கு நியாயம் தேவைப்படவில்லை.

ஏனென்றால் நான் எழுதிக் கொடுத்திருந்தது கொஞ்சநஞ்சமல்ல. ஜெர்மனியில் விருந்தாளியை அழைக்க ஃபெர்ஃப்லிஷ்டுங்ஸ்எர்க்லேருங் என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்று உண்டு. நம்மவர்கள் விஇ என்று சுருக்கிவிட்டார்கள். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், 29 யூரோ கட்டணம் எல்லாவற்றோடும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். சாப்பாடு, தங்குமிடம், வைத்தியம், எல்லாச் செலவும் என் பொறுப்பு. இந்தப் பொறுப்பு சட்டப்படி ஐந்து வருடம் வரை நீளக்கூடியது. அந்த அதிகாரி அம்மாள் ஒவ்வொரு ஷரத்தாகப் பொறுமையாக விளக்கிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வந்தவர் தானாகப் போகாமல் அரசாங்கம் அவரை நாடு கடத்த நேர்ந்தால், அந்தச் செலவும் என்னுடையது. புரிந்ததா என்று கேட்டார். புரிந்தது என்றேன். ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்கத் தன் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிற மனிதரை விமானத்தில் நாடு கடத்தும் செலவுக்கு, அவர் பெண் நீல மையில் கையெழுத்துப் போட்டாள்.

விசா கட்டணம் 2024 ஜூன் முதல் ஆளுக்கு 90 யூரோ. மறுத்தால் திரும்ப வராது. எதிர்த்து எழுதலாமா என்று கேட்டேன். “கேட்டதைக் குடுத்துட்டுப் போவோம், சண்டை எதுக்கு” என்றார் அப்பா. எதிர்த்துக் கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கிற அந்த வழியையே ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் உலகம் முழுக்க நிறுத்திவிட்டது. இப்போது மறுப்பு வந்தால் புதிதாக விண்ணப்பிக்கலாம், இல்லை என்றால் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். மன்னார்குடிப் பக்கத்து ஒன்பது மா நிலக்காரர் பெர்லினில் வழக்காடுவதை நினைத்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் ஆசையாகத்தான் இருக்கிறது.

சரி, இரண்டாவது தடவை அத்தாட்சி சேர்த்தோம். பென்ஷன் புத்தகம். நவம்பர் மாதத்து உயிர்வாழ்வுச் சான்று. பட்டா, சிட்டா. கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய அடங்கல். அதில் சர்வே எண்ணும் பயிரின் பெயரும் இருந்தன, தலையில் பசலி 1434 என்று இருந்தது. மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டுவிட்டார். 1434-ஆம் ஆண்டில் என் அப்பா சம்பா நட்டதாக ஒரு ஐரோப்பிய அலுவலகம் நம்பிவிடக் கூடாதே என்று, இது 2024 ஜூலையில் தொடங்கிய வருவாய்த் துறை ஆண்டு என அடிக்குறிப்பு சேர்க்கச் சொன்னேன்.

எல்லாவற்றுக்கும் மேலே அப்பா தன் கைப்பட எழுதிய கடிதம். அஞ்சல் துறை ஆங்கிலத்தில் நம்பர் போட்டு, சுருக்கமாக. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படலாம், குறுவை நாற்றங்காலுக்கு நான் நேரில் இருப்பது அவசியம், ஆகவே அதற்கு முன் கட்டாயம் ஊர் திரும்புவேன். அவ்வளவுதான். அணையில் தண்ணீர் போதுமான அளவு இருந்தால் ஜூன் 12-இல் திறப்பது வழக்கம் என்பது டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தேதியை விசா அதிகாரிக்கு எப்படிப் புரியவைப்பது? எனக்குத் தெரிந்து அந்தக் கட்டிலேயே உண்மையான அத்தாட்சி அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கேட்டதற்காகக் கொடுத்த தாள்கள். மகள் வீட்டில் தங்கக் கூச்சப்படுகிற சுபாவத்துக்குத் தாசில்தார் சான்று தந்தால் அதையும் வைத்திருப்பேன்.

விண்ணப்பம் போன பிறகு ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை. என்னை யாருமே கேட்கவில்லையே என்று தோன்றியது. இரண்டு வருடம், கொஞ்சம் காசு சேர்ந்ததும் வந்துவிடுவேன் என்று எழும்பூர் ஸ்டேஷனில் அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தவள் நான். 90 நாளுக்குள் வந்து போகிறவரிடம் திரும்புவாயா என்று துருவுகிற விதி, வேலைக்கு என்று வருகிறவரிடம் அதைக் கேட்பதில்லை. என் விசாவுக்குப் பட்டம் கேட்டார்கள், சம்பளம் கேட்டார்கள், காப்பீடு கேட்டார்கள். நியாயமான ஐயம் என்ற கட்டத்தில் குறி போட வேண்டியது என் தாளில்தான்.

எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது, அதை மறைப்பானேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்பது இப்போது மறப்பதில்லை. காலி பாட்டில்களைப் பையில் போட்டு இயந்திரத்தில் கொடுத்துக் காசு வாங்குகிறேன். இந்தப் பக்கத்துக்கே உரிய கேர்வோகே, அதாவது அடுக்குமாடியில் வாரம் ஒரு வீடு முறைவைத்துப் படிக்கட்டைச் சுத்தம் செய்வது, அதையும் கீழ்வீட்டுப் பாட்டி குறை சொல்லாதபடி செய்கிறேன். ஈரத் துணியோடு கடைசிப் படிக்கு வந்ததும் கை தானாக ஒரு நொடி நிற்கும். வாசல் தெளித்தாயிற்று, அடுத்தது என்ன? மார்கழியில் அம்மா சாணம் கரைத்துத் தெளித்துவிட்டு, கோலமாவுக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்துப் புள்ளி வைக்கச் சொல்வாள். குளிரில் விரல் மரத்துப் புள்ளிகள் கோணலாகும். மன்னார்குடிக் குளிரெல்லாம் ஒரு குளிரா என்று இப்போது இங்கே பனியைத் தள்ளும்போது கேட்கலாம். அன்றைக்கு அது குளிர்தான்.

குடியுரிமை வாங்கிவிடலாம் என்பது என் கணவரின் கட்சி. 2024 ஜூனில் வந்த சட்டப்படி ஐந்து வருடத்தில் ஜெர்மன் குடியுரிமை கேட்கலாம், பழையதை விடச் சொல்லி ஜெர்மனி கேட்பதும் இல்லை. ஆனால் இந்தியா விடாது. வேறு குடியுரிமை வாங்கிய கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும். அப்புறம் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, சான்றிதழ் வாங்கி, வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பம். இந்த ஊர்க்காரர்களுக்கு அதெல்லாம் மியூனிக் துணைத் தூதரகத்தின் எல்லை. மகள் பிறந்தபோது போயிருக்கிறோம். வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஒரு வருடத்துக்குள் அங்கே பதிவு செய்தால் பெற்றோர் வழியில் இந்தியக் குடியுரிமை. ஊரைப் பார்த்திராதவளுக்குச் சிங்க முத்திரை போட்ட நீலப் புத்தகம் கிடைத்தது. அதே போன்ற என் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, நான் பிறந்த வீட்டுக்குப் போக எனக்கு ஒரு அட்டை வாங்குவதா? ஓட்டும் கிடையாது. நிலத்தைப் பற்றி அப்பா கேட்டார். வெளிநாடு வாழ் இந்தியரானாலும் ஓசிஐ அட்டைக்காரரானாலும் விவசாய நிலம் வாங்க முடியாது, வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம் என்றேன். “அப்ப நான் போனாத்தான் உனக்கு நிலம்னு எழுதி வச்சிருக்கான்” என்று சிரித்தார். படிவம் இன்னும் நிரப்பப்படாமல் கிடக்கிறது.

விசா வந்தது. எதனால் மனம் மாறினார்கள் என்று எழுதவில்லை. கிடைத்த விசாவுக்குக் காரணம் சொல்லும் வழக்கம் இல்லை. மேட்டூர்தான் என்று அப்பா உறுதியாக நம்புகிறார்.

ஏப்ரலில் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் அவர் முதலில் காட்டியது பாஸ்போர்ட்டில் விழுந்த நுழைவு முத்திரையைத்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “மை சரியா விழல பாரு, தேதி பாதி தெரியல” என்றார். வாழ்நாள் முழுக்கத் தேதி முத்திரை குத்தியவரின் கண். அந்த வருடம் அக்டோபரில் இந்த முத்திரைக்குப் பதிலாக விரல் ரேகையையும் முகத்தையும் கணினியில் பதியும் முறை தொடங்கியது. அவருக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார், நான் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீட்டில் இருக்கிற நினைப்பு இங்கேயும் அவரை விடவில்லை. சோபாவில் நுனிதான். தட்டை யாரும் வாங்குவதற்குள் தானே கழுவி வைத்துவிடுவார். பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு பால்கனியில் நின்று, கீழே போகும் மஞ்சள் தபால் வண்டியைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார், அந்த நேரம் மட்டும் கூச்சம் மறந்திருக்கும். மே மாதம் பாதி போனதும் டிக்கெட்டை முன்னால் மாற்ற முடியுமா என்று விசாரிக்க ஆரம்பித்தார். விமான நிறுவனம் கேட்ட தொகையைச் சொன்னதும்தான் அடங்கினார்.

2024 ஏப்ரலிலிருந்து இந்தியர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. மூன்று வருடத்துக்குள் இரண்டு விசாவை ஒழுங்காகப் பயன்படுத்தியவர் அடுத்ததாக இரண்டு வருட விசா பெறலாம், அதற்கப்புறம் ஐந்து வருடம். இதை நான் அப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா எதுவும் பேசவில்லை. மறுநாள் அவர் நடக்கப் போயிருந்த நேரம் பார்த்து, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். விசா ஒட்டியிருந்த பக்கத்தைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு விரல் வைத்துக் காட்டினாள்.

“இதுல முடியற தேதி இன்னும் தள்ளி இருக்கே. அது வரைக்கும் இருக்கலாமா?”

இருக்க முடியாது அம்மா என்றேன். தங்கும் நாட்கள் என்று பக்கத்தில் ஒரு எண் இருக்கிறது, அதுதான் கணக்கு. முடியும் தேதியில் பதினைந்து நாள் கூட்டிப் போடுவார்கள், பயணத் தேதி முன்பின் மாறினால் உதவட்டும் என்று.

“அப்ப மாறட்டுமே.”

எப்போது திரும்பி வந்தாரோ, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அப்பா குரல் கொடுத்தார். “அதெல்லாம் மாறாது. மேட்டூர்ல தண்ணி நல்லா நிக்குது.”